பெட்டி எங்கே, நிழல் எங்கே: வேலூர் மலைகளில் நடக்கப் பழகுவோருக்கு

வேலூர்க்காரர்களைக் கிண்டல் செய்வதற்கென்றே ஒரு பழைய அடுக்கு உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். கடைசி ஒன்று இப்போது செல்லாது. 1981இல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் திரும்பக் கொண்டுவந்து அமர்த்திவிட்டார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது முதலாவதும் சில நாளைக்குப் பொய்யானது. மரமில்லா மலை மட்டும் மாறாமல் நிற்கிறது. மலையேறப் போகிறவனுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கைப் பலகை கிடைக்காது. ஆற்றில் தண்ணீர் இருக்காது, மலையில் நிழல் இருக்காது, இரண்டுக்கும் நீயே வழி பார்த்துக்கொள் என்கிறது.

அக்கா மகன் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறான். அது அசல் பாலைவன ஊர். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொடாது. வேலூருக்கு அதைப்போல ஐந்து மடங்கு பெய்கிறது என்றாலும், அது கொட்டித் தீர்ப்பது சில மாதங்களில்தான். மீதி நாளெல்லாம் அவன் ஊர்க் கதையும் நம் ஊர்க் கதையும் ஒன்று. போன தை மாதம் வந்தவன் மொட்டை மாடியில் நின்று கிழக்கே பார்த்துவிட்டு, "மாமா, எங்க ஊர் மாதிரியே இருக்கே. இங்க யாரும் மலைல நடக்கிறதில்லையா?" என்றான். நடக்காமல் என்ன? ஆடு மேய்ப்பவர் நடக்கிறார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர் நடக்கிறார். நடப்பதற்காகவே நடப்பவர்தான் குறைவு. அப்புறம் போனைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டி, அதில் ஆங்காங்கே தெரிந்த சின்னப் பெட்டிப் படங்களைத் தொட்டுத் தொட்டு விளக்கினான். அதன் பெயர் ஜியோகேச்சிங்.

ஒளித்து வைத்த டப்பா

யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஓரிடத்தில் மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிகிறார். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்த் தேடுகிறீர்கள். கிடைத்தால் உள்ளே ஒரு சின்ன நோட்டு இருக்கும். பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே, இருந்தபடியே மறைத்துவிட்டு வருகிறீர்கள். விளையாட்டு அவ்வளவுதான். பரிசும் கிடையாது, போட்டியும் கிடையாது. சொல்லக் கேட்டால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். முதல் டப்பா கையில் கிடைக்கும் வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துதான் பொதுமக்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவி ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் காட்ட ஆரம்பித்தது. மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில், ஊருக்கு வெளியே ஒரு பக்கெட்டை வைத்து, அதன் எண்களை இணையத்தில் போட்டார். கவண், புத்தகம், பீன்ஸ் டின் என்று உள்ளே என்னென்னவோ இருந்தன. ஏதாவது எடுத்தால் ஏதாவது வை என்பது அவர் போட்ட விதி. அது இன்றும் நடப்பில் இருக்கிறது. பீன்ஸ் டின் மட்டும் இப்போது ஆகாது. உணவுப் பொருள் வைத்தால் விலங்குகள் மோப்பம் பிடித்து டப்பாவைக் குதறிவிடும். சோளிங்கர் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஜியோகேச்சிங் டாட் காம் என்ற தளம் வந்தது. இன்றைக்கும் பெரும்பாலான பெட்டிகள் அதில்தான் பதிவாகின்றன. அதன் செயலியைப் போனில் இறக்கிக்கொண்டு இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஒன்று, கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது. இன்னொன்று, போய்ச் சேர்வது எவ்வளவு சிரமம் என்பது. புதியவர் இரண்டும் 2க்குள் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியின் அளவையும் பாருங்கள். பழைய பிலிம் சுருள் டப்பா அளவில் இருப்பதை 'மைக்ரோ' என்பார்கள். கல்லும் முள்ளுமான சரிவில் அதைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. முதல் நாளே அதில் இறங்கினால் வெறுத்துப்போய்விடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இன்னும் பெட்டிகள் குறைவு. நெவாடா பாலைவனத்தில் ஒரே நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அந்தச் செழிப்பு கிடையாது. அதனால் இங்கே நடைதான் சாப்பாடு, பெட்டி ஊறுகாய்.

எண்களைப் படிப்பது

இந்த விளையாட்டில் தொடக்கக்காரர்கள் இடறுவது மலையில் அல்ல, எண்ணில். வேலூர்க் கோட்டை ஏறத்தாழ 12° 55' வடக்கு, 79° 08' கிழக்கில் இருக்கிறது. 12 என்பது பாகை, 55 என்பது கலை. ஒரு பாகைக்கு 60 கலை, மணிக்கு 60 நிமிடம் போல. இதையே பதின்மத்தில் எழுதினால் 12.917 ஆகும், 12.55 ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் 12.55, 79.08 என்று தட்டினால், பெட்டி வேலூரில் இருக்க, நீங்கள் நாற்பது கிலோமீட்டர் தெற்கே போளூர்ப் பக்கம் போய் நிற்பீர்கள். சிரிக்காதீர்கள், நான் செய்தேன். நல்லவேளை, வீட்டில் உட்கார்ந்து தட்டிய கட்டத்திலேயே அக்கா மகன் பார்த்துவிட்டான்.

விளையாட்டில் வழங்கும் வடிவம் பாகையும், மூன்று பதின்ம இலக்கம் கொண்ட கலையும். நம் பக்கத்தில் ஒரு கலை என்பது வடக்கு தெற்காக 1.84 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 1.8 கிலோமீட்டர். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீட்டருக்குள் நகர்கிறோம். நல்ல திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை பிசகும். ஆகவே திரையில் '0 மீட்டர்' என்று வந்த இடத்தையே தோண்டாத குறையாகத் துழாவுவதில் பயனில்லை. பெட்டி வைத்தவரின் போனும் அதே அளவு பிசகியிருக்கும். இரண்டையும் சேர்த்தால் பத்து மீட்டர் வட்டம் ஆகிவிடும். பெரிய பாறைச் சுவருக்கு அருகில் இன்னும் மோசம். செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் அம்புக்குறி அங்குமிங்கும் அலைபாயும். அப்படி அலைந்தால் இருபது மீட்டர் தள்ளிப்போய்த் திறந்த இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து திசையையும் தூரத்தையும் குறித்துக்கொண்டு, போனைப் பையில் போட்டுவிடுங்கள். மீதியைக் கண்ணால் தேட வேண்டும். நான் ஒளித்திருந்தால் எங்கே ஒளித்திருப்பேன் என்று யோசித்தால் பாதி நேரம் கிடைத்துவிடும். இயல்பாக விழுந்ததுபோல் இல்லாமல் அடுக்கி வைத்ததுபோல் நாலு கல் தெரிந்தால் அங்கே பாருங்கள்.

நில உரிமையாளர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது என்பது விதி. எனவே நீங்களும் மண்வெட்டி எடுத்துப் போக வேண்டாம். இங்கே குழி தோண்டுகிறவனைப் பார்த்தால் புதையல் எடுக்க வந்தவன் என்றுதான் ஊர் நினைக்கும்.

இன்னொரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். மலையில் டவர் கிடைக்காதே, அப்போது ஜிபிஎஸ் எப்படி வேலை செய்யும்? செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கு வேண்டியது வானம்தான். நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணில் பட்டால் போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். டவர் இல்லாவிட்டால் வராமல் போவது பின்னணி வரைபடம் மட்டுமே. அதனால் கிளம்பும் முன் வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது

இதற்கு நான் பார்ப்பது மூன்று: வரைபடம், மலையின் நிழல், ஆட்டுக்காரர்.

கூகுள் மேப் சாலைக்கு நல்லது. மலைப்பாதைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல். அதில் பொதுமக்களே வரைந்து சேர்த்த ஒற்றையடிப் பாதைகள் புள்ளிக்கோடாகத் தெரியும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகளில் அதை இறக்கிவைத்து டவர் இல்லாமலும் பார்க்கலாம். விக்கிலாக் தளத்தில் மற்றவர்கள் நடந்து பதிவு செய்த தடங்கள் கிடைக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலூரும் காட்பாடியும் வருவது அதன் பழைய வரிசையில் 57 P/1 என்ற தாள்.

அந்த வரைபடத்தில் மலையைச் சுற்றிச் சுற்றிப் பழுப்பு நிறக் கோடுகள் போகும். அவை சம உயரக் கோடுகள். ஒரே கோட்டின் மேல் நடந்தால் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கி நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு. இது ஒன்று புரிந்துவிட்டால் வீட்டிலிருந்தபடியே எந்தப் பக்கம் ஏறலாம், எந்தப் பக்கம் ஏறக் கூடாது என்று சொல்லிவிடலாம். நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன சூத்திரம் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் நடந்து 300 மீட்டர் ஏறினால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்பது அவர் கணக்கு. அது குளிர்தேசத்துக் கணக்கு. நம் பாறையில், நம் வெயிலில், புதியவர் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது நிழல். மரம் நிழல் தராத ஊரில் மலைதான் தன் நிழலைத் தர வேண்டும். காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது மலையின் மேற்குச் சரிவு இருட்டாக இருக்கும். எனவே காலை நடைக்கு மேற்குச் சரிவு, மாலை நடைக்குக் கிழக்குச் சரிவு. வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே வரிசையாக நிற்கும் மலைகள் ஊரைப் பார்த்து இருக்கும் முகம் மேற்கு முகம். ஊரே விழித்துக் கடைகள் திறந்த பிறகும் அந்த முகத்தில் வெயில் ஏறாது. பகலில் அதே பாறையைத் தொட முடியாது. கருங்கல் நாளெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் மாலையைவிடக் காலையே மேல். விடியலுக்குக் கால் மணி முன்னால் அடிவாரத்தில் இருக்க வேண்டும், ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். பீனிக்ஸ் நகராட்சி 2021 முதல் அதிவெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் கேமல்பேக் மலைப்பாதையைப் பகலில் மூடியே விடுகிறது. நமக்கு அப்படி மூட ஆளில்லை. கத்திரி வெயிலில் நாமே மூடிக்கொள்ள வேண்டும்.

நான் முதன்முதலில் வேலூரை ஒட்டிய பாலமதி மலைப் பக்கம் போனபோது டிபன் முடித்து, காபி குடித்து, ஒன்பதரைக்கு நடையைத் தொடங்கினேன். கையில் ஒரு லிட்டர் தண்ணீர். பத்தரைக்குப் பாட்டில் காலி. பதினொன்றுக்குத் தலை கனத்து, ஒரு பாறை இடுக்கில் குந்திக்கொண்டு, இறங்குவதற்கே துணிவில்லாமல் இருந்தேன். அதற்குப் பிறகு என் கணக்கு மாறியது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ஆளுக்குத் தண்ணீர், மூன்று மணி நேர நடை என்றால் கையிருப்போடு சேர்த்து இரண்டரை லிட்டர், ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி. பாதித் தண்ணீர் தீர்ந்தால் உச்சி பத்தடியில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். யாராவது தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது களைப்பு அல்ல, வெப்பம் மூளையைப் பிடித்துவிட்டது. நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, 108ஐக் கூப்பிட வேண்டும்.

மூன்றாவதாகச் சொன்ன ஆட்டுக்காரர்தான் மூன்றிலும் பெரியவர். செயற்கைக்கோள் படத்தில் பாறை மேல் வெளிர்நிறக் கீற்றாகத் தெரிகிற தடங்கள் பெரும்பாலும் ஆடுகள் போட்டவை. அவை எங்கே போய் முடியும், எந்தச் சுனையில் மாசி வரை தண்ணீர் நிற்கும், எந்தப் பாறையில் மலைத்தேனீ கட்டியிருக்கிறது என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் கிடையாது. நாங்கள் போனைப் பார்த்தபடி ஒரு புதரைச் சுற்றிச் சுற்றி வந்தபோது மேலே இருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னா தம்பி, மாடு தொலைஞ்சிடுச்சா?"

"இல்லீங்க பெரியவரே, ஒரு டப்பா தேடுறோம்."

"டப்பாவா? அந்தாண்ட போவாதீங்க. அந்தக் கல்லுக்கு அடியில சுருட்டை கீது. போன வாரம் என் ஆட்டுக்குட்டி ஒண்ணு போச்சு."

சுருட்டை விரியன் சின்னப் பாம்பு. வறண்ட கல்காட்டில்தான் அதன் வாசம், பகலில் கல்லடியில் சுருண்டு கிடக்கும். பெட்டி தேடுகிறவர்கள் கைவிடுவதும் அதே கல்லடியில்தான். ஆகவே இந்த ஊரில் இந்த விளையாட்டுக்கு முதல் விதி: கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது. முழங்கை நீளக் குச்சி ஒன்று வைத்துக்கொண்டு முதலில் அதைத்தான் விட வேண்டும். மூடிய ஷூ கட்டாயம். கடித்துவிட்டால் இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலைத்தேனீ கட்டிய பாறைக்குக் கீழே சத்தமும் சென்டும் சிகரெட்டும் ஆகாது.

காப்புக்காடு

அமெரிக்காவில் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அப்படியே இங்கே செய்யக் கூடாத இடம் இது. அங்கே பெரும்பாலும் பொது நிலத்தில் குறியிட்ட பாதை இருக்கும், வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். இங்கே மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். வேலியோ பலகையோ இல்லாததால் அது காடு இல்லை என்று ஆகிவிடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. காரணம் தெரிந்தால் விதியின் மேல் கோபம் வராது. மாசி, பங்குனியில் நம் மலைப் புல் காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கும்.

முறையாகப் போக எளிய வழி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. நமக்குக் கிட்டே ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அதில் இருக்கின்றன. வழிகாட்டியோடு ஒருமுறை நடந்தால், மரம், தடம், எச்சம், மேகம் என்று நீங்கள் பார்க்கவே தெரியாதிருந்தவை கண்ணில் பட ஆரம்பிக்கும். பணம் கொடுத்து நடப்பதா என்று நானும் முதலில் முகம் சுளித்தவன்தான்.

இன்னொரு சட்ட விஷயம். வெளிநாட்டு வழிகாட்டிகளில் டவர் இல்லாத இடத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அதற்குப் பதிலாக, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

எங்கே தொடங்கலாம்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. மலைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்பதால் நானும் பழைய எல்லையை வைத்தே சொல்கிறேன்.

முதல் நடைக்கு என் தேர்வு வள்ளிமலை. வேலூரிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர். கோயில் மலை என்பதால் பாதை உண்டு, படி உண்டு, கேட்க ஆள் உண்டு, அனுமதிச் சிக்கல் இல்லை. மலைமேல் பாறையைக் குடைந்த முருகன் கோயில். அதே மலையில் சமணக் குகையும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் இருக்கின்றன. கங்க மன்னன் ராசமல்லனின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அங்கேதான். ஆனால் மலையேறக் கற்கிறவர் பார்க்க வேண்டியது வேறொன்று. கிழவனாக வந்த முருகன் வள்ளியிடம் தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்டான் என்பது கதை. அவள் கூட்டிப்போன சுனையைச் 'சூரியன் காணாத சுனை' என்று இன்றும் காட்டுகிறார்கள். அந்தப் பெயரிலேயே வறண்ட மலையின் நீர்ப் பாடம் முழுதும் இருக்கிறது. வெயில் படாத பாறைக் குழியில்தான் மழைநீர் மாதக்கணக்கில் நிற்கும். அரிசோனாப் பாலைவனத்திலும் இப்படிப்பட்ட பாறைக் குழிகளை நம்பித்தான் அந்தக் காலத்து வழிப்போக்கர்கள் நடந்தார்கள். அங்கே அதற்குத் தினாஹா என்று ஸ்பானியப் பெயர், பானை என்று பொருள். வரைபடத்தில் வடக்குப் பார்த்த செங்குத்துப் பாறையும் அதன் அடியில் பச்சைத் திட்டும் தெரிந்தால் சுனை இருக்க வாய்ப்பு உண்டு. இருந்தாலும் அதை நம்பிப் பாட்டிலைக் குறைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் மானுக்கும் மயிலுக்கும் உரியது. அதில் சோப்புப் போடுகிறவர்களை என்ன சொல்வது.

படியேறிப் பழக சோளிங்கர். 1,305 படி. ரோப் கார் வந்துவிட்டாலும் முழங்காலைச் சோதித்துப் பார்க்க அதைவிட நேர்மையான இடம் இல்லை. குடும்பத்தோடு என்றால் அமிர்தி. ஜவ்வாது மலை அடிவாரத்தில் சிறு உயிரியல் பூங்காவும், மழைக்குப் பிறகு மட்டும் விழுகிற அருவியும் இருக்கின்றன. ஆற்காட்டுப் பக்கம் பஞ்சபாண்டவர் மலை சிறியது, அரை மணி வேலை. பெயர்தான் பாண்டவர், உள்ளே இருப்பது சமணம். ஏலகிரி சுவாமிமலை அடுத்த படி. ஜவ்வாது மலையில் காவலூருக்கு மேலே வானம் எவ்வளவு இருட்டு என்றால், அதை நம்பித்தான் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்து வான் ஆய்வகம் நடத்துகிறார்கள்.

பர்வதமலை பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ 4,500 அடி. கடைசிப் பகுதியில் பாறையில் அடித்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். பௌர்ணமிக்குப் பாட்டிமார்கள் கூட ஏறுகிறார்களே என்பீர்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் வயலில் நடந்தவர்கள். அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து நேராக அங்கே போகாதீர்கள். முதலில் நாலு மலை ஏறிவிட்டு வாருங்கள்.

மார்கழி, தை இரண்டும் அருமையான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பசுமை கண்ணைப் பறிக்கும், ஆனால் பாசி பிடித்த பாறை காலை வாரும்.

நீங்களே ஒரு பெட்டி வைப்பதென்றால்

ஊரில் பெட்டி குறைவு என்று குறைப்பட்டதும் அக்கா மகன், "அப்போ நீங்களே வைங்க மாமா" என்றான். அவன் வைக்க முடியாது. வைத்தவர் அடிக்கடி போய்ப் பராமரிக்க வேண்டும் என்பது விதி என்பதால், விருந்தாளியாக வந்து வைத்துவிட்டுப் பறந்துவிட முடியாது. பக்கத்துப் பெட்டிக்கும் இதற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

காப்புக்காடு வேண்டாம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அங்கேயும் வேண்டாம். கோட்டையில் எதையாவது எண்ணச் சொல்லி, அந்த எண்ணை வைத்து வேறிடத்துப் பெட்டிக்கு வழிகாட்டும் வகை ஒன்று உண்டு, அது போதும். பேருந்து நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை வாசல் கூடவே கூடாது. கேட்பாரற்ற பெட்டி என்று தெரிந்தால் வெடிகுண்டு நிபுணர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவாக எடுத்து, 'இது ஒரு விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். மூடி இறுகலாக இருக்கட்டும். பேனா மை வெயிலில் காய்ந்துவிடும், பென்சில் வையுங்கள்.

டப்பாவே இல்லாத வகையும் இருக்கிறது. எர்த்கேச் என்பார்கள். நிலவியலைப் பார்த்துப் புரிந்துகொண்டு கேள்விக்குப் பதில் அனுப்பினால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. இதற்கு நம் மலைகள் பொன்னான இடம். பெரிய மொட்டைப் பாறைகளின் மேல்தோல் தகடு தகடாகப் பெயர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆழத்தில் உருவான பாறையின் மேல் இருந்த சுமை காலப்போக்கில் அரித்துப் போனதும், அழுத்தம் தளர்ந்து, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது. பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் அதற்கு உதவி செய்கின்றன. வேலூரில் இதைக் காட்ட அதிகம் அலைய வேண்டாம், எந்த மலையடிவாரமும் போதும்.

எங்கள் பெட்டி கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பு வேலியோரம், இரண்டு பாறைக்கு நடுவில் போய்ச் சேர்ந்தது. மேய்ச்சல் தடத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால் வரும். சம்மதம் கேட்டபோது, "டப்பாவுல இன்னா வெப்பீங்க?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கோலிக்குண்டு. இப்போது அவருக்குத்தான் எங்களைவிட ஆர்வம். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, நோட்டில் தேதி போட்டு அவரே கையெழுத்தும் போட்டு வைக்கிறார். விளையாட்டின் கணக்கில் அது சேராது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்பதாயில்லை. அடுத்த மாதம் நோட்டு மாற்ற வேண்டும்.